மை ஊற்றும் நாள்

அவர் மை ஊற்றும்போது அவருடைய முகத்தை யாரும் பார்ப்பதில்லை. எல்லோரும் குழாயைத்தான் பார்ப்பார்கள். நான் முகத்தைப் பார்ப்பேன். தன் பிறந்தநாளுக்குத் தானே கேக் வாங்கி, தானே மெழுகுவத்தி ஏற்றி, தானே கைதட்டிக்கொள்கிற ஒருவரின் முகம் அது.

அவர் எங்களுக்கு மாலை வகுப்பு எடுப்பவர். பகலில் வேலைக்குப் போகிறவர்களுக்கென்று தொழிற்கல்விக் கூடத்தில் நடக்கும் நீர் சுத்திகரிப்புப் படிப்பு. நான் பகலில் ஒரு மருந்துக் கடையில் பில் போடுகிறேன். அவர் பகலில் ஆலோசகர். யாருக்கெல்லாம் ஆலோசனை சொல்கிறார் என்று கேட்டால் மூச்சு விடாமல் சொல்வார். நான் கண்ணால் பார்த்தது ஒரே ஓர் இடம்தான். அது எங்கள் குடியிருப்பின் தரைத்தளத்தில் இருக்கும் அலங்கார மீன் பண்ணை. அதன் வரவேற்பறையில் அவர் நிறுத்திய கரிக்குழாய் இருக்கிறது. நேரில் அவரை 'சார்' என்போம். அவர் நகர்ந்ததும் 'மைக்காரர்'.

குழாய் ஆள் உயரம். கண்ணாடி. உள்ளே மிளகு அளவில் கறுப்புக் கரித்துண்டுகள், கழுத்து வரைக்கும். சாதாரணக் கரி இல்லை, நுண்துளைக் கரி. ஒவ்வொரு துண்டுக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத லட்சம் பொந்துகள். தண்ணீரில் கரைந்திருக்கும் மருந்து அந்தப் பொந்துகளின் சுவரில் ஒட்டிக்கொள்ளும், தண்ணீர் மட்டும் கீழே போகும். பண்ணையில் நோய் கண்ட மீன்களை ஆன்டிபயாடிக் கலந்த தண்ணீரில் நீந்தவிடுவார்கள். அந்தத் தண்ணீரை அப்படியே சாக்கடையில் விடக்கூடாது என்பதற்காகத்தான் குழாய். இரும்பில் செய்தால் செலவு குறைவு, உடையவும் உடையாது. ஆனால் இரும்பில் செய்தால் உள்ளே நடப்பது தெரியாது என்று அவர் கண்ணாடியில் செய்தார். கண்ணாடியில் செய்தும் உள்ளே நடப்பது அவருக்குத் தெரியவில்லை.

வருகிறவர்களுக்கெல்லாம் ஒரு வேடிக்கை காட்டுவார். ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு கரண்டி நீலப்பொடியைக் கலக்குவார். அது மை இல்லை. மீன் முட்டையில் பூஞ்சை பிடிக்காமல் இருக்கப் பண்ணையில் வைத்திருக்கும் மருந்து. அவர்தான் அதை மை என்பார். வாளியைத் தூக்கிக் குழாயின் தலையில் ஊற்றுவார். மேலே போவது நீலம், கீழே வருவது கண்ணாடி போலத் தண்ணீர். "பார்த்தீங்களா?" என்பார். பார்த்துக்கொண்டிருப்பவர்களிடமே பார்த்தீங்களா என்று கேட்பது அவர் பழக்கம். அந்தத் தெளிந்த நீரைச் சின்னச் சின்ன பாட்டில்களில் பிடித்து, பண்ணையின் படம் ஒட்டி, ஆளுக்கொன்று நினைவுப் பரிசாகக் கொடுப்பார். மிச்சம் அப்படியே கீழே, குடியிருப்பின் கழிவுக் குழாய்க்குள் போகும்.

அது போய்ச் சேருமிடத்தில் என் அப்பா இருந்தார்.

அப்பா இந்தக் குடியிருப்பின் கழிவுநீர் நிலையத்தைப் பார்த்துக்கொள்கிறவர். பம்பு அறையை ஒட்டிய இரண்டு அறைகள்தான் எங்கள் வீடு. வேலை இருக்கும்வரை வீடு. நிலையத்தில் முக்கியமானது காற்றுத் தொட்டி. ப்ளோவர் காற்றை ஊத, தொட்டியில் கோடிக்கணக்கான பாக்டீரியா அழுக்கைத் தின்னும். அப்பா அவற்றை 'என் ஆளுங்க' என்பார். சாப்பிடும்போது திடீரென்று எழுந்து, "ஆளுங்க சத்தம் சரியில்லையே" என்று வெளியே போவார். அது ப்ளோவரின் சத்தம்தான் என்று நாங்கள் சொன்னால் எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்பார்.

குழாய் வருவதற்கு முன்பு அந்தத் தொட்டி அடிக்கடி செத்தது. பழுப்பு நிறம் வெளுத்து, நுரை பொங்கி, மறுநாள் மாடி மாடியாக நாற்றம் ஏறும். காரணம் மீன் பண்ணை மருந்துதான் என்று குடியிருப்பில் ஒருவர் மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரிகளுக்கு எழுதிப்போட்டதால்தான் குழாயே வந்தது. வந்த பிறகு சில வாரம் தொட்டி நன்றாக இருந்தது. பிறகு எங்கள் வகுப்பை மைக்காரர் குழாய் பார்க்கக் கூட்டிக்கொண்டு வந்தார். அடுத்த இரண்டாம் நாள் தொட்டி செத்தது. அப்பா பக்கத்து நிலையத்திலிருந்து பாக்டீரியா உள்ள சேறு கொண்டுவந்து ஊற்றி, மெல்ல மெல்ல உயிர் கொடுத்தார். பிறகு ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் குழாய் பார்க்க வந்தார்கள். தொட்டி மறுபடியும் செத்தது.

இந்த முறை குடியிருப்பு நலச்சங்கச் செயலாளர் அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார். பண்ணையின் சொந்தக்காரரும் அவர்தான்; ஒரே ஆள் இரண்டு நாற்காலி. கரிக்குழாய் வந்த பிறகும் தொட்டி சாகிறதென்றால் பண்ணை குற்றவாளி இல்லை என்று நிரூபணமாகிவிட்டது, இனி மிச்சம் இருப்பது பார்த்துக்கொள்கிற ஆளின் கவனம்தான் என்று விளக்கினார். இன்னொரு தடவை நாறினால் வேறு ஆளைப் போடுவோம் என்றும் சொன்னாராம். அப்பா இதை வீட்டில் சொல்லும்போது செயலாளரின் இருமலையும் சேர்த்துச் செய்து காட்டினார். அம்மா சிரிக்கவில்லை. அலமாரிக்கு மேலே கட்டிவைத்திருந்த பழைய பெட்டிகளை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார்.

அப்பாவுக்குக் காரணம் தெரியும். மூன்றாம் மாடி. அங்கே ஒரு வீட்டம்மா குளியலறையை நாள் தவறாமல் பிளீச்சிங் போட்டுக் கழுவுகிறார். அந்தத் தண்ணீர்தான் ஆளுங்களுக்கு எமன். கரிக்குழாயின் மேல் அப்பாவுக்குச் சந்தேகமே இல்லை. "கண்ணால பார்த்தேனே, நீலமா ஊத்தினா வெள்ளையா வருது" என்பார். என் மாலை வகுப்பின் மேல்தான் அவருக்குச் சந்தேகம்.

எனக்கும் உண்டு. நான் அடுப்பை அணைத்தேனா என்று தெருமுனையிலிருந்து திரும்பி வந்து பார்க்கிற ரகம். ஒன்றைச் சரியென்று சொல்வதற்குள் அது தப்பாக இருக்கக்கூடிய வழிகளையெல்லாம் எண்ணிப் பார்த்துவிட்டு, கடைசியில் சொல்லாமலே விட்டுவிடுவேன். மைக்காரரை நான் வெறுத்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அவருக்கு அந்தத் தொல்லையே கிடையாது.

ஆனால் கரும்பலகையில் அவர் ஒன்றைச் சரியாகவே சொல்லிக்கொடுத்தார். கரியின் பொந்துகளில் இடம் பிடிக்கப் பொருட்களுக்குள் போட்டி உண்டு. கெட்டியாக ஒட்டிக்கொள்கிற ஒன்று வந்தால், லேசாக ஒட்டியிருப்பதைக் கிளப்பிவிட்டு அந்த இடத்தில் உட்காரும். கிளப்பிவிடப்பட்டது தண்ணீரோடு கீழே போகும். இதைச் சொல்லிவிட்டுப் பேருந்து இருக்கையை உதாரணம் காட்டினார். கெட்டியாக ஒட்டுவதற்கு உதாரணமாக அந்த நீல மருந்தையே சொன்னார். சாக்பீஸைத் துடைத்துக்கொண்டு, அடுத்த வாரம் பண்ணைக்கு யார் யாரெல்லாம் பார்க்க வருகிறார்கள் என்று சொல்லத் தொடங்கினார். பாடம் கரும்பலகையில் நடந்தது, குழாய் வரவேற்பறையில் நின்றது. இரண்டையும் அவர் ஒருநாளும் ஒன்றுக்கொன்று அறிமுகம் செய்து வைக்கவில்லை.

வீட்டுக்கு வரும் பேருந்தில் எனக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை. நின்றபடியே யோசித்தேன். வாரக்கணக்கில் மீன் தண்ணீரின் மருந்தைக் கரி பிடித்துப் பிடித்து வைத்திருக்கிறது. ஒருநாள் இரண்டு கரண்டி நீலம் வருகிறது. நீலம் உட்காருகிறது. மருந்து எழுந்து கொள்கிறது. கீழே வருவது தெளிவாகத்தான் இருக்கும். மருந்துக்குத்தான் நிறமே கிடையாதே. அந்தத் தெளிவைப் பார்த்து எல்லோரும் கைதட்டுகிறார்கள். வாரக்கணக்கில் சேர்ந்த மருந்து ஒரே மூச்சில் அப்பாவின் ஆளுங்களிடம் போகிறது.

இவ்வளவு எளிதாக இருந்தால் அவருக்குத் தெரியாதா என்று உடனே தோன்றியது. தப்பு என்னுடையதாகத்தான் இருக்கும் என்றும் தோன்றியது. அதனால் சோதித்துப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

மருந்தை அளக்கும் கருவி எங்கள் கல்விக்கூடத்தில் உண்டு. அதன் விளக்கு எரிந்துபோய், அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறார்கள். சாவி மைக்காரரிடம். எனக்கு இருந்தது தயிர். பாலைத் தயிராக்குவதும் பாக்டீரியாதான். தண்ணீரில் ஆன்டிபயாடிக் இருந்தால் அவை செத்துப்போகும், பால் பாலாகவே இருக்கும். கடையில் பால் பவுடர் வாங்கினேன். ஒரே அளவு பவுடர், ஒரே அளவு உறை, தண்ணீர் மட்டும் வேறு. கொதிக்க வைத்தால் மருந்து கெடலாம் என்பதால் வெதுவெதுப்பாக மட்டும். முதல் கிண்ணத்தில் எங்கள் வீட்டுக் குடிநீர். அடுத்ததில் கரிக்குழாயைத் தாண்டிப் பண்ணையின் கழிவு வந்து சேரும் குழியில், மை ஊற்றாத சாதாரண நாளில் எடுத்த தண்ணீர். மூன்றாவதில் எங்கள் வகுப்புக்குக் கொடுத்த நினைவுப் பரிசு. நான் அதை வெளிச்சம் படாமல் துணி அலமாரிக்குள் போட்டு வைத்திருந்தேன். பெருமையால் இல்லை, வேறு இடம் இல்லாததால்.

முதல் இரண்டும் உறைந்தன. நினைவுப் பரிசு உறையவில்லை.

உறை சரியாகக் கலக்கவில்லையோ என்று மறுபடி செய்தேன். பாட்டிலிலேயே ஏதாவது அழுக்கு இருந்ததோ என்று வகுப்பில் மற்றவர்களின் பாட்டில்களைக் கேட்டேன். ஒருத்தி செடிக்கு ஊற்றிவிட்டிருந்தாள். ஒருவர் டிவி மேல் வைத்திருப்பதாகச் சொல்லி, ஏதோ மூத்த மகனைத் தத்துக் கொடுப்பதுபோல் தயங்கித் தயங்கிக் கொடுத்தார். அதுவும் உறையவில்லை. பிறகு பண்ணைக்கே போய், அந்தக் குழாய்க்குப் பக்கத்து அலமாரியில் மீன் தொட்டிக்காரர்களுக்கு விற்கும் புதுக் கரிப் பொட்டலம் ஒன்று வாங்கினேன். பரிசுத் தண்ணீரில் அந்தக் கரியைப் போட்டுக் குலுக்கி, ஒருநாள் வைத்து, துணியில் வடிகட்டி, அதில் பால் கரைத்து உறை ஊற்றினேன். கத்தியால் வெட்டலாம் போல உறைந்தது. அப்படியென்றால் பரிசுத் தண்ணீரில் கரி பிடிக்கக்கூடிய ஏதோ ஒன்று இருந்திருக்கிறது. குழாயிலிருந்த கரி அதைப் பிடிக்கவில்லை, வெளியே விட்டிருக்கிறது.

ஜன்னல் ஓரம் முழுக்கக் கிண்ணங்கள். எதையும் யாரும் தொடக்கூடாது என்று சொல்லியிருந்தேன்.

"ஒரு வீட்டுல இத்தனை கிண்ணம் தயிர். சாப்பாட்டுக்கு ஊத்த ஒரு கரண்டி கிடையாது," என்றார் அம்மா.

"படிப்புன்னா சும்மாவா," என்றார் அப்பா. "உங்க காலத்துல ஒரு பாத்திரத்துல உறை ஊத்தி நாசமா போனீங்க. உன் பொண்ணு பாரு, பால் கடையே வெச்சுட்டா."

நான் அவருக்கு விளக்கினேன். பேருந்து இருக்கை வரைக்கும் கேட்டார். பிறகு, "மூணாம் மாடியில நிறுத்தச் சொல்லு முதல்ல," என்று எழுந்து போய்விட்டார்.

மைக்காரரிடம் வகுப்பு முடியும் நேரத்தில் சொன்னேன். தனியாகச் சொல்லியிருக்க வேண்டும். தனியாகச் சொல்ல எனக்குப் பயம், நாலு பேர் இருந்தால் தைரியம் வரும் என்று நினைத்தேன். அவர் முழுவதும் கேட்டார், அதைச் சொல்லியாக வேண்டும். கேட்டுவிட்டு வகுப்பின் பக்கம் திரும்பினார்.

"தயிர் உறையலன்னா பால்காரர்கிட்ட போகணும்மா. எங்கிட்ட ஏன் வர்ற?"

சிரித்தார்கள். டிவி மேல் பாட்டில் வைத்திருந்தவர் மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார்.

"கருவியில அளந்தியா?" என்று கேட்டார் அவர்.

"கருவியில விளக்கு இல்லை சார்."

"அப்ப அளக்கலை. அளக்காம சொல்றதுக்கு என்ன பேரு தெரியுமா? அபிப்பிராயம். உங்க அப்பா வேலைக்கு ஆபத்துன்னதும் உனக்கு அபிப்பிராயம் வந்திருக்கு. எனக்குப் புரியுது. கோபமே இல்லை."

கோபமே இல்லை என்று சொல்லி என் தோளைத் தட்டினார். அந்தத் தட்டலுக்கு நான் அவரை மன்னிக்கவே போவதில்லை. ஆனால் அன்று பேருந்தில் அவர் சொன்னதைத்தான் திருப்பித் திருப்பி நினைத்தேன். அளக்கவில்லைதானே. அப்பாவுக்காகத்தானே தேடினேன். தேடியதால் கிடைத்ததா, இருந்ததால் கிடைத்ததா? வீட்டுக்கு வந்து இன்னொரு முறை உறை ஊற்றினேன். அதுவும் உறையவில்லை. தயிருக்கு யார் மேலும் அபிப்பிராயம் கிடையாது.

அந்த வாரம்தான் அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். நலச்சங்க ஆண்டுக் கூட்டம், கீழ்த்தளக் கூடத்தில். சிறப்பு நிகழ்ச்சியாகக் கரிக்குழாய் விளக்கம். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பாட்டில். இத்தனை வீட்டுக்கும் பாட்டில் நிரப்பவேண்டுமென்றால் எத்தனை வாளி மை என்று விரல் விட்டு எண்ணினேன். அப்பாவின் தொட்டி அப்போதுதான் பழுப்புக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. அதன் மேல் இத்தனை வாளி இறங்கினால் இரண்டே நாளில் நாறும். நாறினால் நாங்கள் பெட்டியைக் கீழே இறக்க வேண்டியதுதான்.

செயலாளரிடம் போனேன். மீன்களுக்குத் தீனி போட்டுக்கொண்டே கேட்டார். விஞ்ஞானத்தில் வீட்டு விவகாரத்தைக் கலக்கக்கூடாது என்றார். அப்பா சொல்லி அனுப்பினாரா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் அப்பாவிடம் சொல்லிவிட்டு வா என்றார். நான் திரும்பி வந்தேன்.

உண்மையைச் சொல்லி வேலை ஆகவில்லை. நான் முகஸ்துதி செய்யத் தெரியாதவள் என்று என்னைப்பற்றி எனக்கு ஒரு நல்ல எண்ணம் இருந்தது. அது எவ்வளவு வேகமாகப் போனது என்பதுதான் ஆச்சரியம்.

வகுப்புக்கு வெளியே நடைபாதையில் மைக்காரரைப் பிடித்தேன். தயிர் விஷயத்துக்கு மன்னிப்புக் கேட்டேன். பெரிய மனது பண்ணி மன்னித்தார்.

"சார், ஒண்ணு தோணுச்சு. தப்பா இருந்தா சொல்லுங்க," என்றேன்.

"சொல்லு, சொல்லு."

"நீங்க இவ்வளவு சுத்தம் பண்ற தண்ணி, பாட்டில் போக மிச்சமெல்லாம் யார் கண்ணுலயும் படாம சாக்கடைக்குப் போகுது. பாட்டில் சின்னது. பின்வரிசைக்குத் தெரியாது. முழுசையும் ஒரு பெரிய கண்ணாடித் தொட்டியில பிடிச்சா…"

நான் முடிக்கவில்லை. அவர் கண்கள் என்னை விட்டுப் போய், இல்லாத ஒரு தொட்டியின் மேல் நின்றன. நான் அதை நேரில் பார்த்தேன். ஒரு மனிதனுக்குள் ஒரு யோசனை போய் உட்கார்ந்து, அதைக் கொண்டுவந்த ஆளைக் கிளப்பிவிடுவதை.

"நானே நினைச்சிட்டிருந்தேன்," என்றார். "கண்ணாடித் தொட்டி. பாட்டிலே வேணாம். விளக்கு வேணும், பின்னாடியிருந்து. நல்ல பெரிசா."

அவர் பாடத்தில் சொன்ன பேருந்து இருக்கை நினைவுக்கு வந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு, விளக்கு அருமையான யோசனை என்றேன்.

கூட்டத்தன்று காலை ஜன்னல் ஓரத்தில் ஒரு கிண்ணம் கூடுதலாக இருந்தது. நான் வைத்ததில்லை. எங்கள் வீட்டிலேயே பழையதும் விளிம்பு உடைந்ததுமான கிண்ணம். தயிர் நன்றாக உறைந்திருந்தது. அம்மாவைக் கேட்டேன். அம்மா பம்பு அறைப் பக்கம் தலையை ஆட்டினார்.

அப்பா ப்ளோவருக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். நான் கேட்பதற்கு முன்பே, திரும்பாமல், "மூணாம் மாடித் தண்ணி. கீழ இறங்குற கழிவுக் குழாய்ல பிடிச்சேன்," என்றார். பிறகு, "கல்லு மாதிரி உறைஞ்சிருக்கு. அந்த அம்மாவை ரெண்டு வருஷமா திட்டிட்டிருக்கேன்," என்றார். எண்ணெய்க் கேனை வைத்துவிட்டு, தரை துடைக்கும் வாளிகள் எத்தனை இருக்கின்றன என்று பார்க்கப் போனார்.

சாயங்காலம் கூடம் நிரம்பியது. குழாயை வரவேற்பறையிலிருந்து நகர்த்தி மேடையோரம் நிறுத்தியிருந்தார்கள். அதன் கீழ்வாயிலிருந்து ஒரு ரப்பர் குழாய் கண்ணாடித் தொட்டிக்கு. பின்னாலிருந்து விளக்கு. மைக்காரர் புதுச் சட்டையில் வந்திருந்தார். வாளியைத் தூக்கியபோது கையில் நீலம் தெறித்து, அந்த விரலைத் தூக்கிக் காட்டி அதற்கும் ஒரு நகைச்சுவை சொன்னார். ஊற்றினார். நீலம் கரிக்குள் போயிற்று. தொட்டியில் தெளிந்த நீர் ஏறியது. "பார்த்தீங்களா?" என்றார். பார்த்தார்கள். இன்னொரு வாளி. மீண்டும் கைதட்டல். இவ்வளவு பெரியவர்கள், வேலைக்குப் போகிறவர்கள், பிள்ளை பெற்றவர்கள்; நிறம் போனால் எல்லாம் போயிற்று என்று இவர்களுக்கு யார் சொன்னது? மருந்துக் கடையில் நிறமில்லாத ஊசி மருந்து வாங்கும்போது, இதில் ஒன்றுமே இல்லையே என்று ஒருவர்கூட என்னிடம் கேட்டதில்லை.

செயலாளருக்கு உணர்ச்சி மிகுந்துவிட்டது. எழுந்து போய், பண்ணையிலிருந்து ஒரு தங்கமீனை வலையில் பிடித்து வந்து தொட்டியில் விட்டார். மீன் ஒரு சுற்று சுற்றி வாலை ஆட்டியது. கூடமே எழுந்து நின்று தட்டியது. அந்த மீன் பிறந்ததிலிருந்து அதே மருந்தில்தான் நீந்துகிறது. அதற்கு வீட்டுக்கு வந்ததுபோல இருந்திருக்கும்.

எனக்கு மீன் மேல் கண் இல்லை. நீர்மட்டத்தின் மேல்தான். தொட்டி விளிம்பை நெருங்கிக்கொண்டிருந்தது, மைக்காரர் நான்காவது வாளியைக் கலக்கிக்கொண்டிருந்தார். கைதட்டல் கேட்டுவிட்ட மனிதனை நிறுத்த முடியாது.

"நிரம்பப் போகுது," என்றார் செயலாளர். "குழாயைக் கழட்டி அந்தச் சாக்கடைப் பக்கம் விடுங்கப்பா."

யாரோ ஒருவர் ரப்பர் குழாயைப் பிடிக்கக் குனிந்தார். அதற்குள் அப்பா வந்துவிட்டார். இரண்டு கையிலும் வாளிகள், தோளில் துணி. மூலையிலிருந்த சாக்கடை மூடியின் மேல் வந்து நின்றுகொண்டு, ரப்பர் குழாயை வாளிக்குள் திருப்பினார்.

"தரை ஈரமாகும் சார்," என்றார். "பெரியவங்க வழுக்கி விழுந்துடுவாங்க. நான் பிடிச்சுக்கறேன்."

"ஏம்ப்பா, சாக்கடை மூடி மேலயே நிக்கற. தள்ளேன்," என்றார் செயலாளர்.

"இருக்கட்டும் சார். எனக்கு இது பழக்கப்பட்ட இடம்."

நிகழ்ச்சி முடியும்வரை அப்பா அங்கிருந்து அசையவில்லை. வாளி நிரம்பினால் நான் அடுத்ததை நீட்டினேன். ஒருவர் அப்பாவின் பொறுப்புணர்ச்சியைப் பாராட்டினார். செயலாளர் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. நிரம்பிய வாளிகள் பம்பு அறைக்குப் பின்னால் ஒரு பீப்பாய்க்குள் போயின. அதில் நான் மீன் கடைக் கரியைப் பொட்டலம் பொட்டலமாகக் கொட்டினேன். கூடத்துத் தொட்டியை அழகுபடுத்துகிறேன் என்று செயலாளரிடம் அனுமதி வாங்கி, பழைய காலுறைகளில் கரியைக் கட்டி, அடியில் பரப்பி, அதன் மேல் வண்ணக் கூழாங்கற்களைப் போட்டேன். காற்றுக் குமிழி விடும் சின்ன மோட்டாரும் வைத்தேன். எல்லோரும் கூழாங்கற்களைப் பார்த்தார்கள். வேலை செய்த கரியை யாரும் பார்க்கவில்லை. அதற்கு விளக்கும் போடவில்லை, அதன் தலையில் மையும் ஊற்றவில்லை. கரியைக் கரியாக விட்டால் அதன் வேலையை அது செய்கிறது.

அடுத்த நாட்களில் அப்பா அடிக்கடி காற்றுத் தொட்டிப் பக்கம் போய் நின்று மூக்கை உறிஞ்சினார். நாற்றம் வரவில்லை. ஆளுங்க பழுப்பிலிருந்து நல்ல அடர் பழுப்புக்குப் போனார்கள். அப்பா சாப்பாட்டின் நடுவே எழுந்திருக்கவில்லை. பீப்பாய்த் தண்ணீரில் நான் உறை ஊற்றிய மறுநாள் காலை, நான் பல் துலக்கி வருவதற்குள் அவர் ஜன்னல் ஓரத்தில் நின்று கிண்ணத்தைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உறைஞ்சிடுச்சா?" என்றேன்.

"ம்," என்றார். "ஊத்திடலாம். மெதுவா ஊத்துவோம். கொஞ்சம் கொஞ்சமா."

மாதக் கடைசியில் செயலாளர் அப்பாவைக் கூப்பிட்டார். நானும் கூடவே போனேன். மைக்காரரும் அங்கே இருந்தார், மீன் தொட்டிக்கு முன்னால், கையில் காப்பிக் கோப்பையோடு. நிலையம் இந்த மாதம் நன்றாக இருந்ததாகவும், அதனால் ஆளை மாற்றும் யோசனையைச் சங்கம் கைவிட்டதாகவும் செயலாளர் சொன்னார். பிறகு குரலைச் சற்று உயர்த்தினார்.

"எல்லாம் சாரோட கரிக்குழாய் தயவு. சாருக்கு ஒரு நன்றி சொல்லு."

எனக்கு முகம் சூடானது. வாயைத் திறந்தேன். அப்பா முழங்கையால் என்னை லேசாக இடித்தார். அம்மா வீட்டில், இனி வீடு மாற வேண்டியதில்லை என்பதுபோல், பெட்டிகளின் கயிற்றை அவிழ்த்துவிட்டு, மறுபடி பழைய சேலைகளை அதில் போட்டுக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

"ரொம்ப நன்றி சார்," என்றார் அப்பா. "ஒரே ஒரு விண்ணப்பம். இனிமே நீங்க எப்ப மை ஊத்தினாலும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லிட்டு ஊத்துங்க. தொட்டியும் வாளியும் நானே தூக்கிட்டு வந்துடறேன். இந்தத் தண்ணி ஒரு சொட்டு சாக்கடையில போறதைப் பார்க்க எனக்கு மனசு வரலை."

மைக்காரர் கோப்பையை வைத்தார். என் பக்கம் திரும்பி, "பார்த்தியாம்மா? படிக்காதவருக்குப் புரியுது," என்றார். அப்பாவின் தோளை, அன்று என் தோளைத் தட்டிய அதே கையால் தட்டினார். நகக்கண்ணில் இன்னும் நீலம் இருந்தது.

"அடுத்த வாரம் ஒரு குழு வருது," என்றார்.

"எத்தனை பேர் சார்?" என்று கேட்டார் அப்பா. வெளியே வந்ததும் என்னிடம், இன்னும் எத்தனை காலுறை வேண்டியிருக்கும் என்று கேட்டார்.